கொள்ளிடத்தைக் கடந்து ஒரு பந்தின் பின்னே

தஞ்சைத் தரணியைப் பற்றி எழுதப் புகுவோர், நெற்கதிர் தலைசாய்த்து நிற்கும் வயல்களில் தொடங்குவதே வழக்கம். நானோ வயல் காய்ந்து கிடக்கும் நாட்களிலிருந்து தொடங்கத் தங்களிடம் அனுமதி வேண்டுகிறேன். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, வைக்கோலும் வீடு வந்து சேர்ந்தபின், எங்கள் ஊரின் நிலமெல்லாம் சில மாதங்கள் யாருக்கும் சொந்தமில்லாதது போல் கிடக்கும். உளுந்தும் பயறும் தெளித்த வயல்களில் மட்டும் கால் வைக்க முடியாது. வைத்தால் உரியவர் கம்போடு வருவார். பங்குனியில் அதுவும் பிடுங்கப்பட்டுவிட்டால், வெடிப்பு விழுந்த அந்தக் களிமண் தரை முழுவதும் பிள்ளைகளின் ராஜ்யம். மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டும் நாள் வரை அந்த ராஜ்யம் நீடிக்கும்.

கும்பகோணம் சாலையில் தாங்கள் என்றேனும் பயணம் செய்திருந்தால் எங்கள் பகுதியை அறிவீர்கள். தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டுப் பசுபதிகோவிலைத் தாண்டியதும் அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம் என்று ஊருக்கு ஊர் மினாராக்கள் தென்படும். ஆண்களில் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பர். வீட்டின் பெரிய முடிவுகள் தொலைபேசியில் எடுக்கப்படும். அந்த முடிவுகளுக்கு முன், "ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு" என்று மறுமுனையிலிருந்து ஒரு சொல் வரும். அந்த ஒரு வார்த்தையின் கனத்தை நான் வெகுகாலம் உணர்ந்தேனில்லை.

எங்கள் மாலை நேர மத்ரஸாவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். தஜ்வீதில் தேர்ந்தவள், ஆனால், சென்ற 2025ஆம் ஆண்டின் கோடையில் நாள் தவறாமல் தாமதமாக வந்தாள். கை கால் கழுவி ஒளுச் செய்துகொண்டுதான் வருவாள் என்றாலும், நகக்கண்ணில் வயல் மண் ஒட்டியிருக்கும். விசாரித்ததில், வாய்க்காலுக்கு அப்பால் தென்னந்தோப்பின் மறைவில் ஐந்தாறு சிறுமியர் கால்பந்து ஆடுவதாகத் தெரிந்தது. பையன்கள் ஆடும் பெரிய வயல்களில் அவர்களுக்கு இடமில்லை. மே மாதத்தில் ஒரு நாள் அவளுடைய தாயார் திண்ணையருகே வந்து நின்றார். பள்ளி அணியில் மகளுக்கு இடம் கிடைத்திருப்பதாகவும், கடலூரில் ஓர் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்றும், குவைத்திலிருக்கும் தகப்பனார், "ஹஜ்ரத் சரியென்றால் எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டார் என்றும் கூறினார்.

வாசகர்களே, இதே கேள்வி என்னிடம் வந்தது அது இரண்டாவது முறை. முதல் முறை 2011ஆம் ஆண்டு. வேறொரு மாணவி, வேறொரு தகப்பனார். கையில் பள்ளி கொடுத்த படிவம். நான் அந்தப் படிவத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "வேண்டாம் பாய், பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை மறுநாளும் வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் ஓதினாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. இன்று அவள் மணமாகி வேறு ஊரில் வாழ்கிறாள். அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை.

அதே 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரில் ஒரு காட்சி நடந்ததைப் பிற்பாடு படித்தேன். ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு வந்த ஈரான் நாட்டுப் பெண்கள், தலையை மூடிய உடையோடு ஆடக்கூடாது என்று களத்தின் ஓரத்திலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் அன்றைய விதி அது. அப்பெண்கள் அழுததைப் படமெடுத்து உலகமே பார்த்தது. முக்காடு போட்டதால் ஆடாதே என்று அங்கே ஒருவர் சொன்னார். பெண்ணாய்ப் பிறந்ததால் ஆடாதே என்று இங்கே நான் சொன்னேன். அந்த விதி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு நல்லதொரு சாக்காகியிருக்கும்!

இம்முறை உடனே பதில் சொல்லவில்லை. மாணவியை அழைத்து, "இதில் உனக்கு என்னம்மா அவ்வளவு ஆசை?" என்றேன். அவள் பதில் பேசாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கம் பக்கமாகச் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள். அருகே அழகிய கையெழுத்தில் ஆண்டு, ஊர், கோல் கணக்கு. ஒரு படத்தில் திறந்த பேருந்தின் மேல்தளத்தில் இளம்பெண்கள் கோப்பையை ஏந்தி நிற்கிறார்கள். சாலையின் இருமருங்கும் மக்கள் வெள்ளம். "யார் இவர்கள்?" என்றேன். "பங்களாதேஷ் டீம், ஹஜ்ரத். சாஃப் கப். 2022. இவங்கள்ல நெறைய பேரு நம்ம மாதிரி வயக்காட்டு ஊர்க்காரப் புள்ளைங்கதான்" என்றாள். நான் சென்று பார்ப்பதென்று தீர்மானித்தேன். பாட்டனாரும் உடன் வர, நானும் வருவதாகத் தாயாரிடம் சொல்லியனுப்பினேன்.

பஜ்ருத் தொழுகை முடித்து, பள்ளி ஏற்பாடு செய்த வேனில் ஏறினோம். பதினான்கு மாணவியர், உடற்கல்வி ஆசிரியை, ஓட்டுநர், முன்னிருக்கையில் நானும் பாட்டனாரும். மாணவியருள் நம்மவர் இருவர். ஏனையோர் சுற்றுவட்டார விவசாயக் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள். தாராசுரம் வரும்வரை பின்னால் ஒரே கும்மாளம். கும்பகோணத்தில் இட்லி உண்டபின் கொஞ்சம் அடங்கினர். அப்போதுதான் அந்த நோட்டை விரித்து, மாணவியை அருகில் அழைத்து, கதையை முழுவதும் கேட்டேன். என் நினைவிலிருப்பதைத் தங்களுக்கும் சொல்கிறேன். ஐயமானவற்றைப் பின்னர் நூலகத்தில் சரிபார்த்துக்கொண்டேன்.

தெற்காசியக் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் தேசிய அணிகளுக்கெனத் தனியே ஒரு கோப்பையை 2010ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிற்று. முதற்போட்டி நடந்த இடம் பங்களாதேஷின் காக்ஸ் பஜார் கடற்கரை. இந்தியா, நேபாளம், இலங்கை, மாலத்தீவு, பூட்டான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் என எட்டு நாடுகளும் வந்திருந்தன. பூட்டான் அணியை இந்தியா 18 கோல்களால் வீழ்த்தியது. எதிரணி ஒரு கோலும் போடவில்லை. இப்படிப்பட்ட ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், பூட்டான் பெண்கள் மறுமுறையும் வந்தார்கள் என்பதை மாணவி அழுத்திச் சொன்னாள். அடுத்து 2012இல் கொழும்பு, 2014இல் இஸ்லாமாபாத், 2016ஆம் ஆண்டின் கடைசியில் சிலிகுரி, 2019இல் நேபாளத்தின் பிராட்நகர். ஐந்து முறையும் கோப்பை இந்தியாவுக்கே. நம் பெண்கள் தொடர்ந்து ஐந்து முறை தெற்காசியாவை வென்றனர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெட்டில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று கேட்டால் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் குழந்தையும் சொல்லும்.

ஆறாவது போட்டி காட்மாண்டுவில், 2022 செப்டம்பரில். அதில்தான் கதை மாறிற்று. முதற்சுற்றில் இந்தியாவை 3-0 எனப் பங்களாதேஷ் தோற்கடித்தது. செப்டம்பர் 19ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை அவர்கள் ஊரிலேயே 3-1 என்று வென்றது. அன்று கோல் போட்டவர்கள் சம்சுன்னாகர் என்ற முஸ்லிம் பெண்ணும், கிருஷ்ணா ராணி சர்க்கார் என்ற இந்துப் பெண்ணும். வலை காத்தவர் ரூப்னா சக்மா, மலைப்பகுதி பௌத்த சமூகத்தவர். தலைவி சபீனா காத்தூன். டாக்காவுக்குத் திரும்பியபோது திறந்த பேருந்தில் ஊர்வலம். 2024 அக்டோபர் 30ஆம் நாள் அதே காட்மாண்டுவில், அதே நேபாளத்தை 2-1 என வென்று கோப்பையைத் தக்கவைத்தனர்.

என் மனத்தைத் தொட்டது இக்கணக்குகள் அல்ல. அந்த அணியின் பல பெண்கள் கல்சிந்தூர் என்னும் ஒரே சிற்றூரிலிருந்து வந்தவர்கள். மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலயாவின் காரோ மலைகளுக்குத் தெற்கே நெல் விளையும் ஊர் அது. அங்குள்ள அரசு தொடக்கப்பள்ளியின் ஆசிரியர் சிறுமியரைச் சேர்த்து அணி கட்டினார். 2013ஆம் ஆண்டு, நாடு தழுவிய தொடக்கப்பள்ளிக் கோப்பையை அவர்கள் வென்றார்கள். இப்பிள்ளைகளின் புகழுக்குப் பின்னரே ஊருக்கு மின்சாரம் வந்தது. வயல், வாய்க்கால், எளிய வீடு. எங்கள் பகுதியை அப்படியே பெயர்த்து வைத்தது போலிருக்கிறதே என்று எண்ணிக்கொண்டேன்.

அணைக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். புதிய நாற்கரச் சாலை வந்தபின் பலரும் இப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை இது. வரலாறு படித்தவனாதலால் ஒரு செய்தியைச் சொல்லாமல் என்னால் கடக்க இயலாது: வடக்கே சிறிது தூரத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துவந்துதான் இந்த அணைக்குப் போட்டார்கள். ஒரு காலத்துப் பெருமை மற்றொரு காலத்துப் பயிருக்குத் தண்ணீராயிற்று. அது சரியா தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கோடையாதலால் ஆறு மணற்காடாகக் கிடந்தது. மாணவியர் மதகுகளை எண்ணத் தொடங்க, ஆசிரியை விசில் ஊதி வண்டியில் ஏற்றினார்.

கொள்ளிடத்தைக் கடந்தால் மண்ணின் முகம் மாறும் என்பார்கள். எனக்கென்னவோ காட்டுமன்னார்கோவில் வரையில் மாறியதாகத் தோன்றவில்லை. கீழணைத் தண்ணீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்குப் போகிறது. அதன் பாய்ச்சலில் விளையும் நிலம் டெல்டாவின் உடன்பிறப்புத்தான். ஏரியையொட்டி லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும், மார்க்கக் கல்விக்கும் பேர்போன ஊர். தென்னாட்டு உலமாக்களில் எத்தனையோ பேர் அங்குள்ள ஜாமிஆ மன்பவுல் அன்வாரில் ஓதிப் பட்டம் பெற்றவர்கள். என்னுடைய பழைய நண்பர், ஆலிம், அவ்வூரில் வசிக்கிறார். பிள்ளைகளுக்கு மோர் கொடுக்க வேண்டுமென்று முன்னரே சொல்லிவைத்திருந்தார். கொடுத்தார், இன்முகத்தோடு கொடுத்தார். பிறகு என்னை மட்டும் உள்ளே அழைத்து, "நீங்களா இப்படி?" என்று கேட்டார்.

அவர் சொன்னவற்றை நியாயமாகத் தங்கள் முன் வைக்க வேண்டும். உடற்பயிற்சி கூடாதென்று அவர் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதலில் அன்னையார் முந்தியதும், பிறிதொரு காலத்தில் நாயகம் முந்தி, அதற்கு இது ஈடாயிற்று என்று கூறியதும் அபூதாவூதில் பதிவாகியிருப்பதை அவரே எடுத்துச் சொன்னார். "ஆனால், அங்கே படைகளை முன்னே போகச் சொல்லிவிட்டல்லவா ஓடினார்கள்? இங்கே நிலைமை என்ன? வயது வந்த பெண்கள் ஆயிரம் ஆண்கள் நடுவே ஓடுகிறார்கள். ஒவ்வொருவன் கையிலும் கைப்பேசி. அவன் எதைப் படமெடுக்கிறான், எங்கே அனுப்புகிறான் என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்றார்.

இக்கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மானில் ஈரான் பெண்கள் தடுக்கப்பட்டபின், ஜோர்டான் இளவரசர் அலீ பின் ஹுசைன் முன்னின்று வாதாடியதால் 2012இல் தலைமறைப்பு சோதனையாக அனுமதிக்கப்பட்டது. 2014 மார்ச்சில் விதியே திருத்தப்பட்டது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா தலையை மூடியபடியே ஆடினார். உலகக் கோப்பை வரலாற்றில் அதுவே முதன்முறை. மேற்காசிய நாடுகளின் பெண்கள் கோப்பை 2005இல் அம்மானில் தொடங்கி, 2024 பிப்ரவரியில் ஜித்தாவில் நடந்தது. ஜித்தா என்றதும் நண்பர் நிமிர்ந்தார். ஹஜ்ஜுக்கு இறங்கும் துறை என்றே நாமெல்லாம் அறிந்த நகரம் அது. அங்கே ஜோர்டானும், விருந்தினராக வந்த நேபாளமும் இறுதி ஆட்டத்தில் மோதி, பெனால்டியில் ஜோர்டான் வென்றது.

"சவூதியில் நடந்தால் மார்க்கமாகிவிடுமா?" என்றார் அவர். நல்ல கேள்விதான். ஆகாது என்றேன். ஆயினும் நம் அச்சத்தின் பெயரால் எதையெல்லாம் செய்துவிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? 2025 ஜனவரியில் பங்களாதேஷின் ஜாய்பூர்ஹாட் மாவட்டத்தில் பெண்கள் ஆட்டத்துக்காக அமைக்கப்பட்ட தடுப்பு வேலியை ஒரு கூட்டம் அடித்து நொறுக்கியது. அக்கூட்டத்தில் மத்ரஸா ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்ததாகச் செய்திகள் கூறின. இரண்டு முறை நாட்டுக்குக் கோப்பை கொண்டுவந்த பெண்களின் நாட்டில்! அதைப் படித்த அன்று என் மாணவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது என்று சொன்னேன். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. "வேலியை உடைப்பது ஹராம், அதில் சந்தேகமில்லை" என்று மட்டும் சொல்லி, எங்களோடு வாசல் வரை வந்து, பிள்ளைகளுக்கென்று ஒரு கட்டு இளம் வெற்றிலையைக் கொடுத்தார். கால்பந்து ஆடப்போகும் சிறுமியர் வெற்றிலையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்! பாட்டனார்தான் வழிநெடுக மென்றார்.

வீராணத்தின் நெடுங்கரை மேல் சேத்தியாத்தோப்பு வரையில் சாலை. ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறு பக்கம் பள்ளத்தில் வயல்கள். இங்கிருந்துதான் சென்னைக்கும் குடிநீர் போகிறது. புவனகிரியைக் கடந்து கடலோரச் சாலையைப் பிடித்ததும், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் வழியைப் பாட்டனார் கைகாட்டி, தம் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் என்றார். உப்பங்காற்று வீசத் தொடங்கிற்று.

வாசகர்களே, கடலூரை நாம் புயலுக்கும் சுனாமிக்கும் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைச் சூறையாடிற்று. பெற்றோரை இழந்த சிறுமியர் பலர் அரசு இல்லத்தில் வளர்ந்தனர். அவர்களுக்கு மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். கடலூர் இன்று தமிழகப் பெண்கள் கால்பந்தின் நாற்றங்காலாக விளங்குகிறது. இவ்வூரிலிருந்து புறப்பட்டவர்தான் இந்துமதி கதிரேசன். நடுக்களத்தில் ஆடுபவர், காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2017 ஜனவரி 4ஆம் நாள் சிலிகுரியில் நடந்த தெற்காசிய இறுதி ஆட்டத்தில் இந்தியா பங்களாதேஷை 3-1 என வென்றது. மூன்றாவது கோல் இந்துமதியுடையது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், பெண்கள் கால்பந்தின் கோட்டையாகிய மணிப்பூரை 2-1 என வீழ்த்தித் தமிழக அணி முதன்முறையாகத் தேசியக் கோப்பையை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். தமிழகம் 2023இல் அமிர்தசரஸில் மீண்டும் அக்கோப்பையைக் கைப்பற்றியது.

இன்னும் பழைய செய்தி ஒன்று. 1979ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1980 ஜனவரி வரை ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நம் அண்டையிலுள்ள கோழிக்கோட்டிலே நடந்தது. இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதி வரை சென்று இரண்டாமிடம் பெற்றது. என் தாயார் தலைமுறைப் பெண்கள் அன்று அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் பிற்பகல் நான்கு மணிக்கு. கடற்காற்றில் மைதானத்துப் புழுதி எழுந்து கண்ணை மறைத்தது. எங்கள் மாணவியர் இருவரும் சட்டைக்குள் முழுக்கை உடையும், காலை மூடிய உடையும், இறுகக் கட்டிய தலைத்துணியுமாக இறங்கினர். எதிரணிச் சிறுமியருக்கு அது புதிதல்ல போலும். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். பத்துப் பதினைந்து இளைஞர்கள், கைகளில் கைப்பேசி. லால்பேட்டை நண்பரின் குரல் என் காதில் ஒலித்தது. நான் எழுந்து அவர்களிடம் சென்றேன். தொப்பியும் தாடியுமாக ஒருவர் வருவதைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல வருகிறார் என்றே அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். "தம்பிகளா, ஆட்டத்தைப் பாருங்கள். படம் எடுக்க வேண்டாம். உங்கள் தங்கைகளைப் போன்றவர்கள்" என்றேன். இருவர் முனகினர், ஒருவன் சிரித்தான், ஏனையோர் கைப்பேசியைப் பையில் போட்டனர். முழு ஆட்டத்தையும் அந்த வேலியோரத்தில் நின்றே பார்த்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

எங்கள் மாணவி இடப்புறத் தற்காப்பில் ஆடினாள். மத்ரஸாவில் ஒரு சொல் அதிகம் பேசாத பிள்ளை, இங்கே நெடுகிலும் கத்தினாள். "பின்னாடி ஆள்", "விடாதே", "எனக்குத் தா" என்று. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டென்பது ஐந்தாண்டுகளாக அவளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் எனக்குத் தெரியாது. கடலூர் அணி மிகத் தேர்ந்தது. முதற்பாதியில் ஒரு கோல், இரண்டாம் பாதியில் ஒரு கோல். எங்கள் பிள்ளைகள் ஒன்றும் போடவில்லை. ஒருமுறை எதிரணியின் வேகக்காரச் சிறுமியை மாணவி கோட்டருகே ஓடித் துரத்திப் பந்தைப் பறித்தபோது, பக்கத்தில் நின்ற பாட்டனார் என் தோளைப் பற்றி உலுக்கினார். வெற்றிலைச் சாறு என் ஜிப்பாவில் தெறித்தது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் மரத்தடியில் அமர்ந்து பண்ருட்டிப் பலாச்சுளையைப் பகிர்ந்து உண்டனர். தோற்றோம் என்ற வருத்தம் சுளை தீருமுன் தீர்ந்துவிட்டது.

திரும்பும் வழியில், கொள்ளிடப் பாலத்தின் மேல் இருட்டில் மாணவி கேட்டாள்: "ஹஜ்ரத், தண்ணி வந்துட்டா நாங்க எங்கே ஆடுறது?"

யோசித்துப் பார்த்தேன். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. எல்லா ஆண்டும் அன்றே திறப்பதில்லை. 2022இல் மே 24ஆம் நாளே திறந்தார்கள், 2024இலோ ஜூலை 28 வரை இழுத்தது. தண்ணீர் எப்போது வரும் என்று உழவர் காத்திருப்பர். வரக்கூடாதே என்று காத்திருப்பவர்களும் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். குறுவைக்கு நாற்று விட்டால் வயல்களில் பந்து உருளாது. எஞ்சுவது ஈத்கா மைதானம் ஒன்றே. அது ஜமாஅத்துக்குச் சொந்தம். சுற்றுச்சுவரும் கதவும் உண்டு. பெருநாள் தொழுகை தவிர ஆண்டு முழுவதும் பையன்கள் அங்கே ஆடுகிறார்கள், யாரும் அவர்களை அனுமதிக் கடிதம் கேட்டதில்லை.

ஜும்ஆவுக்குப் பின் கூடிய ஜமாஅத் கூட்டத்தில் சொன்னேன். பேச்சு நீண்டது. "நாளை வேறொன்று கேட்பார்கள்" என்றார் ஒருவர். மற்றொருவர், மைதானத்தின் புல் கெட்டுவிடும் என்றார். அங்கே புல்லே கிடையாது. 2011இல் என்னிடம் படிவத்தோடு வந்தாரே, அந்தத் தகப்பனாரும் கூட்டத்தில் இருந்தார். அவர் எனக்கு ஆதரவாகவும் பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன் நான் சொல்ல எண்ணியிருந்த ஆதாரங்கள் பாதி மறந்துபோயின. "முன்னொரு முறை நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். இம்முறை யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முடிவில், சனி ஞாயிறு இரு நாட்களும் காலை ஆறு மணி முதல் ஏழரை வரை பெண் பிள்ளைகளுக்கு. கதவு மூடியிருக்க வேண்டும். தாய்மார் இருவராவது உள்ளே அமர்ந்திருக்க வேண்டும். கதவுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2025 ஜூன் 12ஆம் நாள் மேட்டூரும், 15ஆம் நாள் கல்லணையும் திறக்கப்பட்டன. அடுத்த சில நாட்களில் தோப்புக்குப் பின்னால் இருந்த அந்த வயலில் தண்ணீர் நின்றது. ஜூலை முதல் வாரத்தில், மியான்மரை 2-1 என வென்று பங்களாதேஷும், தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வென்று இந்தியாவும் 2026ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. மாணவி இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தாள்.

இப்போது பெண் பிள்ளைகள் பதினொருவர் வருகிறார்கள். சனிக்கிழமைகளில் பஜ்ருக்குப் பின் நான் உறங்கப் போவதில்லை. ஈத்கா கதவின் பூட்டு துருப்பிடித்தது. சாவி இரண்டு முறை சுற்றினால்தான் திறக்கும். திறந்துவிட்டு வெளித்திண்ணையில் அமர்ந்து ஓதிக்கொண்டிருப்பேன். உள்ளேயிருந்து சத்தம் வரும். சென்ற வாரம் பந்து சுவரைத் தாண்டி என் காலடியில் வந்து விழுந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. எழுந்து, கைலியைச் சற்றே தூக்கிப் பிடித்து, உதைத்தேன். அது சுவர் வரை கூடப் போகவில்லை.